தொப்பியில் நிற்கும் யானை

இந்த ஆண்டு குடியரசு தினத்தன்று நம் கிளப் ஹவுஸ் வாசலில் கொடியேற்றம் முடிந்து, வழக்கம்போல் கேசரியும் காபியும் வந்தன. கொடியேற்றியவர் பி பிளாக்கில் இருக்கும் நம் சுபேதார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பதவியை மட்டும் எழுதுகிறேன். அன்று அவர் பீரோவில் பூட்டி வைத்திருந்த பழைய பச்சைத் தொப்பியை அணிந்து வந்திருந்தார். நம் குழந்தைகள் அவரைச் சுற்றி நின்று அதில் இருந்த சின்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"அங்கிள், சிங்கம் புலியெல்லாம் விட்டுட்டு ஏன் யானை?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"அது அசாயே யானைம்மா. அசாயேன்னு ஒரு ஊர். அங்கே நம்ம ஆளுங்க பெரிய சண்டை போட்டு ஜெயிச்சாங்க. அதுக்குக் கிடைச்ச மரியாதை இது."

பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றிருந்தார் டி பிளாக்கில் குடியிருக்கும் நம் மராட்டிய நண்பர். அவர் சிரித்துக்கொண்டே, "யாரை ஜெயித்தீர்கள் என்பதையும் குழந்தைக்குச் சொல்லுங்கள் சுபேதார் சாப். அசாயே எங்கள் ஊர்ப்பக்கம்தான்" என்றார்.

சிரித்துத்தான் சொன்னார். ஆனாலும் சுபேதார் பதில் சொல்லவில்லை. நாங்கள் யாருமே பேசவில்லை. யாரோ ஒருவர் கேசரியில் முந்திரி குறைவு என்று பேச்சை மாற்றினார்.

அந்த ஒரு நிமிட மௌனம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்தியது. எனக்கு வரலாறு பாடமாக வந்தது பள்ளியோடு சரி. பிறகு பி.காம்., அதன் பிறகு வங்கிக் கவுண்ட்டர். இருந்தாலும் ஒரு கணக்கில் குழப்பம் என்றால் பழைய லெட்ஜரை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் ஒரு கேடயம், குறுக்காக இரண்டு வாள்கள், கேடயத்தின் மேல் நிற்கும் யானை ஆகியவை உண்டு. கேடயமும் வாளும் எந்தப் படையிலும் இருக்கக்கூடியவை. யானைதான் இந்தப் படைக்கே உரியது. நம் கோயில் யானையோ, சேரர் கொடியோ, முதுமலைக் காட்டு யானையோ அல்ல அது. நானும் இத்தனை நாள், தென்னிந்தியப் படை என்பதால் யானை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட நாளின் யானை: 1803-ஆம் ஆண்டு செப்டம்பர் 23.

அசாயே இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய கிராமம். கைட்னா, ஜுவா என்று ஆங்கிலேயர் எழுதி வைத்த இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ஒரு பக்கம் குவாலியரின் சிந்தியாவும் நாக்பூரின் போன்ஸ்லேயும் சேர்ந்த படை. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை மட்டும் ஏறத்தாழ 10,800 பேர். நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள். இவை போகப் பல்லாயிரம் குதிரைப்படை. மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆர்தர் வெல்லஸ்லி. எல்லாம் சேர்த்து சுமார் 9,500 பேர். அதில் பயிற்சி பெற்ற நேர்ப்படை பாதிக்கும் குறைவு. கையில் 17 பீரங்கிகள். அவருடைய மற்றொரு படை வேறு வழியாக வந்துகொண்டிருந்தது. அதற்குக் காத்திருக்காமல் அன்றே தாக்குவது என்று முடிவு செய்தார்.

ஆற்றைக் கடக்க வேண்டும். வேறு துறை கிடையாது என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். வெல்லஸ்லி எதிரெதிர்க் கரைகளில் இரண்டு கிராமங்கள் அருகருகே இருப்பதைக் கவனித்தார். இவ்வளவு பக்கத்தில் இரண்டு ஊர் இருந்தால் மக்கள் போய் வர நடுவில் ஒரு துறை இல்லாமலா இருக்கும் என்று கணக்குப் போட்டார். இருந்தது. அந்தத் துறை வழியாகப் படை கரையேறியது.

கரையேறிய பிறகு நடந்தது பயங்கரம். சிந்தியாவின் பீரங்கிப் படை மிகத் திறமையானது. கம்பெனியின் பீரங்கிகளை இழுத்து வந்த காளைகள் முதலிலேயே விழுந்துவிட்டன. பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டு, துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு நேராக நடக்க உத்தரவு. அந்த வரிசையில் ஸ்காட்லாந்துப் பட்டாளங்கள் இரண்டு. மற்றவை மதராஸ் சுதேசி காலாட்படையின் பட்டாளங்கள். குதிரைப்படையில் ஒன்று ஆங்கிலேயருடையது, மூன்று மதராஸுடையது. அதாவது நின்றவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்து ஆட்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என்று கலந்தவர்கள்.

மராட்டியப் பீரங்கிக்காரர்கள் கடைசி வரை பீரங்கியை விட்டு நகரவில்லை. சிலர் செத்தவர்போல் படுத்துக் கிடந்து, வரிசை தங்களைத் தாண்டிப் போனதும் எழுந்து பீரங்கியைத் திருப்பி முதுகில் சுட்டார்கள். அவற்றை மீண்டும் பிடிக்க வெல்லஸ்லியே திரும்பி வரவேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு பிரிவு நேராக அசாயே கிராமத்தை நோக்கிப் போய்விட்டது. அதன் பின்னால் போன 74-ஆம் ஸ்காட்லாந்துப் பட்டாளத்தில் மட்டும் 400 பேருக்கு மேல் சாவும் காயமும். அதிகாரிகள் வரிசையாக விழுந்தார்கள். அதைப் பார்த்து, போரிட வேண்டிய கட்டாயமே இல்லாத குவார்ட்டர்மாஸ்டர் ஒருவர், அதாவது ஸ்டோர்ஸ் கணக்கு பார்ப்பவர், வரிசையில் சேர்ந்து சண்டை போட்டாராம். கணக்கு எழுதும் வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. பெயர் ஜேம்ஸ் கிராண்ட்.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. 98 பீரங்கிகள் கம்பெனி வசமாயின. கம்பெனி தரப்பில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் 1,584 பேர். மராட்டியர் தரப்பில் ஆயிரக்கணக்கில். பிற்காலத்தில் நெப்போலியனையே வாட்டர்லூவில் தோற்கடித்து வெலிங்டன் பிரபு ஆன பிறகும், போர்க்களத்தில் தாம் செய்தவற்றில் சிறந்தது எது என்று கேட்டபோது அசாயே என்றுதான் வெல்லஸ்லி சொன்னார்.

அந்த வெற்றிக்குப் பரிசாக கவர்னர் ஜெனரல் சிறப்புக் கௌரவக் கொடிகளை அறிவித்தார். போரில் நின்ற பட்டாளங்கள் யானைச் சின்னத்தையும் அதன் மேல் அசாயே என்ற பெயரையும் தாங்கும் உரிமை பெற்றன. அப்போது கவர்னர் ஜெனரல் யார் தெரியுமா? ரிச்சர்ட் வெல்லஸ்லி. ஆர்தரின் சொந்த அண்ணன். தம்பியின் வேலைக்கு அண்ணன் சாங்ஷன். எங்கள் வங்கியில் இப்படி நடந்திருந்தால் ஆடிட்டர் விட்டிருக்கமாட்டார்!

போரின் போக்கை முடிவு செய்தது யானை அல்ல. நியாயமாகப் பார்த்தால் அன்று முதலில் உயிரைவிட்ட காளையைத்தான் சின்னமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளைக்காரர் கண்ணுக்கு இந்தியா என்றால் யானை. அதனால் யானை.

இனிமேல்தான் எனக்குச் சுவாரசியமான பகுதி. அந்த யானை பிறகு எங்கெல்லாம் போயிற்று என்பது.

ஒரு யானை ஸ்காட்லாந்து போனது. 74-ஆம் பட்டாளம் பிறகு ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியில் சேர்ந்தது. அது கிளாஸ்கோ நகரத்துப் படை. அவர்கள் தொப்பிச் சின்னத்தின் அடியில் ஒரு குட்டி யானையும் அசாயே என்ற சொல்லும் இருந்தன. யானையையே பார்த்திராத கிளாஸ்கோ கப்பல் பட்டறைப் பையன்கள் அதை நெற்றிக்கு மேல் அணிந்து இரண்டு உலகப் போர்களுக்கும் போனார்கள்.

இன்னொன்றின் கதை எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அசாயேயில் நின்ற மதராஸ் பட்டாளங்களில் ஒன்று இரண்டாம் மதராஸ் காலாட்படை. அது 1759-ல் திருச்சிராப்பள்ளியில் ஜான் கயோட் என்ற அதிகாரி திரட்டிய பட்டாளம். மலைக்கோட்டை நிழலில் பிறந்தது. அதற்கு 1903-ல் கிடைத்த பெயர் 62-ஆம் பஞ்சாபிகள்! ஆட்களையும் பஞ்சாபிலிருந்தே எடுத்தார்கள். 1922-ல் அது முதலாம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் ஆயிற்று. 1947-ல் நாடு பிரிந்தபோது அந்த ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டது. திருச்சியில் பிறந்து அசாயேயில் நின்ற பட்டாளத்தின் நேர்வாரிசு இன்று பாகிஸ்தான் ராணுவத்தில் இருக்கிறது. யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

திருச்சிப் பட்டாளம் பஞ்சாபி ஆனதற்குக் காரணம் ஒரு சித்தாந்தம். ராபர்ட்ஸ் என்ற தளபதி 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைவராக இருந்தவர். பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி ஆனார். தெற்கில் நீண்டகாலம் சண்டையே இல்லாததால் தென்னிந்தியன் போர்க்குணத்தை இழந்துவிட்டான், வடமேற்கு இனங்கள்தான் போருக்குப் பிறந்தவை என்பது அவர் கருத்து. மேலே இருப்பவர் ஒரு கருத்து வைத்துவிட்டால் கீழே எல்லாம் அதற்கேற்ப நடக்கும் என்பதை அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது பெயரும் ஆளும் மாற்றப்பட்டன. மிச்சமிருந்தவற்றை 1922-ல் மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்ட் என்று ஒன்றாக்கினார்கள். 1928-க்குள் அதையும் மூடிவிட்டார்கள். சாலை, பாலம் அமைத்த மதராஸ் பயனியர்களை 1933-ல் கலைத்தார்கள். தம்பிகள் என்று செல்லப்பெயர் பெற்ற பெங்களூர் மதராஸ் சாப்பர்கள் மட்டும் தொடர்ந்து இருந்தார்கள். கம்பெனிக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்த படைக்கு, பிடித்து முடித்த பிறகு கிடைத்த மரியாதை இதுதான்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆள் தேவைப்பட்டது. போர்க்குணம் இல்லை என்று சொல்லி மூடிய கடையை அவசர அவசரமாகத் திறந்தார்கள். 1942-ல் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரையில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் தொடங்கியது. 1947-ல் அது குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு மாறியது. நாம் ஊட்டி ரயிலில் போகும்போது குன்னூரைத் தாண்டியதும் வருகிற அதே வெலிங்டன்.

அந்த ஊர்ப் பெயரையும் பாருங்கள். முன்பு ஜக்கதளா என்று இருந்த இடம். 1860-ல் மதராஸ் கவர்னராக இருந்த டிரெவெலியன் அதற்கு வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார். அதாவது அசாயே ஆர்தர் வெல்லஸ்லிதான். ஆக அவர் பெயர் கொண்ட ஊரில், அவர் ஜெயித்த போரின் யானையைத் தொப்பியில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறார்கள். அங்கிருந்த வெலிங்டன் பாரக்ஸின் பெயர் மட்டும் மாறி ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் ஆயிற்று. 1955 முதல் 1957 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்ரீநாகேஷின் நினைவாக.

பெயரை மாற்றியவர்கள் யானையை ஏன் விட்டுவைத்தார்கள்?

சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவம் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. சின்னங்களில் இருந்த ஆங்கிலேயக் கிரீடங்கள் போய் அசோகச் சிங்கம் வந்தது. பழைய போர்ப் பெருமைகளையும் பிரித்துப் பார்த்தார்கள். இந்திய அரசர்களையும் இந்திய மக்களையும் எதிர்த்துக் கிடைத்தவற்றை ஏற்கத்தகாதவை என்று ஒதுக்கி, அவற்றுக்காக ரெஜிமெண்டுகள் விழா எடுக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அசாயே அந்த வகையைச் சேர்ந்த போர். 2022-ல் கடற்படைக் கொடியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் சிலுவை நீக்கப்பட்டு, சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோணம் வந்ததும் நமக்கு நினைவிருக்கும். இத்தனைக்கும் நடுவில் யானை அப்படியே நிற்கிறது.

காரணம், அந்த யானைக்கு அடியில் வேறு பல விஷயங்கள் சேர்ந்துவிட்டன என்று நினைக்கிறேன். வங்கியில் பழைய லெட்ஜர் நிறைந்தால் புதிய லெட்ஜர் திறப்போம். முதல் வரி பழைய இருப்பு. அந்த இருப்பு எப்படி வந்தது என்பது பழைய புத்தகத்தில் இருக்கும். புதிய புத்தகத்தில் அதற்குக் கீழே புதிய வரவு செலவு ஏறிக்கொண்டே போகும். முதல் வரியை மட்டும் அடித்துவிட்டால் கீழே உள்ள எந்தக் கூட்டலும் சரியாக வராது.

கீழே ஏறியவை கொஞ்சமல்ல. 1948 காஷ்மீரில் டித்வால். 1965-ல் மகாராஜ்கே. 1971-ல் பசந்தர் ஆறு. இவை சுதந்திர இந்தியாவுக்காக மெட்ராஸ் ரெஜிமெண்ட் பெற்ற போர்ப் பெருமைகளில் சில. பசந்தரில் நின்ற 16-ஆம் மெட்ராஸும், மகாராஜ்கேயில் நின்ற 9-ஆம் மெட்ராஸும் கம்பெனிப் படையிலிருந்து வந்தவை அல்ல. அவை திருவிதாங்கூர் மகாராஜாவின் படையாக இருந்து, சமஸ்தானம் இணைந்த பிறகு இந்த ரெஜிமெண்டுக்குள் வந்தவை. அவற்றின் பழைய சின்னம் திருவிதாங்கூர்ச் சங்கு.

அந்தச் சங்குக்காரர்கள் கொண்டுவந்த பெருமை குளச்சல். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல்தான். 1741-ல் அங்கே மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. சரணடைந்த டச்சுத் தரப்பு அதிகாரி டி லனாய், பிறகு அதே மன்னருக்குத் தளபதியாக வேலை பார்த்தார். புலியூர்க்குறிச்சி பக்கம் உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. கல்வெட்டில் தமிழும் உண்டு. நாகர்கோவில் போகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையோடு இதையும் பார்த்துவிட்டு வரலாம். ஆக, ஐரோப்பியனை விரட்டிய குளச்சலும், ஐரோப்பியனுக்காகப் போரிட்ட அசாயேயும் ஒரே யானையின் கீழ் வந்து சேர்ந்துவிட்டன.

இன்று அந்த யானையை அணிபவர்கள் தமிழர் மட்டும் அல்லர். தென் மாநிலங்கள் எல்லாவற்றிலிருந்தும் வருகிறார்கள். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற முழக்கத்தை எல்லா மொழிக்காரர்களும் ஒரே தொண்டையில் போடுவார்கள் என்று சுபேதார் சொன்னார். தன் கடமையைச் செய்து சாவதே மேல் என்ற பொருளில் கீதையிலிருந்து எடுத்த வாசகம் அவர்களின் குறிக்கோள்.

இதையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு மாலை சுபேதாரையும் மராட்டிய நண்பரையும் நம் பூங்கா பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னேன். சிந்தியாவின் அந்தக் காலாட்படையில் பெரும்பாலோர் மராட்டியரே அல்லர், வட இந்தியாவிலிருந்து சம்பளத்துக்கு வந்தவர்கள், அவர்களுக்குத் தலைமை தாங்கிய போல்மான் ஹனோவர்க்காரர் என்று நான் சொன்னபோது நண்பர் ஆச்சரியப்பட்டார். வெல்லஸ்லியின் பக்கம் பேஷ்வாவின் மராட்டியக் குதிரைக்காரர்களும் நின்றிருந்தார்கள் என்றதும், "அப்படியா, அது எனக்குத் தெரியாதே" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனாலும் எங்கள் தாத்தா அதைத் தோல்வி என்றுதான் சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றும்" என்றார். அதுவும் நியாயம்தான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

சுபேதார் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்து என் கையில் வைத்தார். துடைத்துத் துடைத்து யானையின் முகம் வழவழவென்று ஆகியிருந்தது. "சார், சேர்ந்த புதுசுல இது எந்த ஊர் யானைன்னே எனக்குத் தெரியாது. தினமும் பரேடுக்கு முன்னாடி துடைக்கணும், கோணலா இருந்தா தண்டனை, அவ்வளவுதான் தெரியும். அப்புறம் பார்டர்ல என் பக்கத்துல நின்ன பையன் ஒருத்தன் போயிட்டான். அவன் தொப்பியிலயும் இதுதான் இருந்தது. எனக்கு இது அவன் யானை" என்றார்.

மராட்டிய நண்பர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தன் மைத்துனர் ஜால்னாவில் இருக்கிறார் என்றும், மழை ஓய்ந்ததும் மூன்று பேருமாக ஒருமுறை அசாயே போய் வரலாம் என்றும் சொன்னார். செப்டம்பர் கடைசியில் கரிசல் மண் காலை விடாது, அக்டோபர்தான் சரி என்று சுபேதார் நாள் குறித்துவிட்டார். டிக்கெட் எடுக்கும் வேலை என்னுடையது. மூத்த குடிமக்கள் சலுகை இப்போது இல்லை என்பதில் எனக்கு வருத்தம்.

தொப்பியை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்றுதான் சுபேதார் இன்னும் முடிவு செய்யவில்லை.